மூன்றுக்குப் பிறகு ஐந்து

நாகமலை அடிவாரத்து வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்கள் ஏராளம். கிரேக்கம் தெரிந்தவன் மலைச்சாமி ஒருவன்தான். மற்றவர்களுக்கு ஒரு சுருக்குவழி இருந்தது. தேர்வுப் பகுதியைத் தமிழ் வேதாகமத்தில் உருப்போட்டுக்கொண்டு, அன்றைக்குக் கிரேக்கப் புத்தகத்தை முன்னால் விரித்து, வரிமேல் விரலை ஓட்டியபடி தமிழில் ஒப்பித்துவிடுவார்கள். விரல் எங்கே ஓடுகிறது என்று யார் பார்த்தார்கள்? தேர்வு நடத்த வரும் திருச்சபைப் பெரியவர்களும் மடியில் தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டுதான் சரிபார்ப்பார்கள். அவர்களுக்கும் அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

மலைச்சாமிக்கு அந்த வித்தையில் மனம் ஒப்பவில்லை. அசடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டவரின் கதையை முதலில் எழுதிய மொழி என்று அதன்மேல் அவனுக்கு அப்படியொரு பைத்தியம். கூலிவேலைக் குடும்பத்துப் பிள்ளை. அவன் தெருவிலிருந்து உபதேசியார்கள் வந்ததுண்டு. கோயிலைக் கூட்டி, மணியடித்து, பாதிரி ஐயர் வந்ததும் ஓரமாக ஒதுங்கி நிற்கிறவர்கள். குருப்பட்டம் வாங்கித் திருவிருந்து கொடுத்தவர் ஒருவரும் இல்லை. கிரேக்கத்தில் தேறிவிட்டால் மலைச்சாமிக்கு அந்த எழுபத்தொன்பதாம் வருஷத்திலேயே குருப்பட்டம். தவறினால் ஆயுசுக்கும் உபதேசியார்தான். ஊரில் அவன் மனைவி செல்லக்கிளி, இனி அவன் கையால்தான் திருவிருந்து வாங்குவேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தேர்வுக்கு வந்தது ஆண்டவர் நோயாளியைக் குணமாக்கும் குளத்தங்கரைப் பகுதி. நோயாளிகள் கரையில் காத்துக் கிடப்பார்கள். தமிழில் நான்காம் வசனத்தில் ஒரு தேவதூதன் இறங்கி வந்து தண்ணீரைக் கலக்குவான். கல்லூரியின் கிரேக்கப் புத்தகத்தில் அந்த வசனம் கிடையாது. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் காணவில்லை என்று பதிப்பித்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மூன்றுக்குப் பிறகு நேரே ஐந்து. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தவரே கிரேக்க ஆசிரியர் கண்ணுச்சாமிதான். அன்றைக்குக் கொட்டாவி விடாமல் கேட்டவன் மலைச்சாமி மட்டும்.

முதலில் கருத்தக்கண்ணன் போனான். இல்லாத தேவதூதனை ராகம் போட்டு இறக்கினான். அடுத்து விருமாண்டி, அவனும் இறக்கினான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணுச்சாமியும் வாய் திறக்காமல் தலையாட்டினார்.

அதே புத்தகத்தை வைத்து மலைச்சாமி வாசித்தான். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் பொருள் சொன்னான். மூன்றை முடித்து ஐந்துக்குப் போனதும் பெரியவர்களின் தலைவர் கையை உயர்த்தினார். வசனத்தை முழுங்கிவிட்டான் என்றார்.

"அது இதுல இல்லீங்கய்யா."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. முன்னால் வந்த இரண்டு பேரும் வாசித்த வசனம் இவன் கண்ணுக்கு மட்டும் எப்படி மறைந்தது என்று கேட்டார். பிறகு ஆசிரியர் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் அந்த இரண்டு பேரும் வாசிக்கவேயில்லை என்பதும், அதற்குத் தாம் தலையாட்டியதும் சேர்ந்து வெளியே வரும். தவிர, கண்ணுச்சாமி குடியிருந்தது கல்லூரி வீடு; கல்லூரியோ இந்தப் பெரியவர்கள் கையில். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பையன் நன்றாகப் படிக்கிறவன், அவனையே கேளுங்கள் என்றார். படுபாவி.

தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நிதானமாப் பாருப்பா. கண்ணு தப்பியிருக்கும். இருக்குன்னு சொல்லு, அம்புட்டுத்தேன். பாஸ் போட்டுட்டுப் போறோம்."

மலைச்சாமி பக்கத்தைப் பார்த்தான். செல்லக்கிளியை நினைத்தான். ஆசிரியரை ஏறிட்டான், அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுங்கய்யா" என்றான். வெறும் இடத்தில் விரலை வைத்து, தேவதூதன் இறங்கியதைத் தமிழில் ஒப்பித்தான். அவமானத்தில் காது மடல் எரிந்தது.

தலைவர் வேதாகமத்தைப் பட்டென்று மூடினார்.

"அப்ப இல்லேன்னு எதுக்குடா சொன்ன? வேதத்துல இருக்கிறதையே இல்லேங்கிறவன் நாளைக்குப் பீடத்துல ஏறி என்னத்தையெல்லாம் இல்லேம்பே?"

இவர்களுக்கெல்லாம் மணியடிக்கிற வேலையே அதிகம் என்று இன்னொருவர் முணுமுணுத்தார். முணுமுணுப்பு அறை முழுக்கக் கேட்டது. மலைச்சாமியைத் தவறியவனாகப் போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்கள்.

வேலை முடிந்து வராந்தாவுக்கு வந்த கண்ணுச்சாமி, தூணோரம் நின்ற மலைச்சாமியைப் பார்த்ததும் நின்றார். பேசாமல் போயிருந்தாலும் ஒரு மனிதர் என்று விட்டிருக்கலாம்.

"ஏம்ப்பா, இல்லேன்னு சொன்னவன் அதுலயே நின்னிருக்கக் கூடாதா? நீ நின்னிருந்தா நானும் உனக்காகப் பேசியிருப்பேன்ல" என்றார்.

பேசியிருக்க மாட்டார். தலைபோனாலும் பேசியிருக்க மாட்டார். ஆனால் மலைச்சாமி அதை நம்பிவிட்டான். அதுவரை அடக்கி வைத்திருந்தவனுக்கு அப்போதுதான் அழுகை பொங்கியது. எல்லாம் தன்னால் வந்தது, தான் சொன்ன ஒரு பொய்யால் வந்தது என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"உங்களையும் தலகுனிய வச்சுட்டேன். மன்னிச்சுருங்கய்யா."

கண்ணுச்சாமி அவன் தலையில் கை வைத்து மன்னித்தார்.