இடப்பக்கத் தையல்

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறிப்போன பச்சை இலைகள் கொழகொழவென்று ஒட்டிக்கிடந்தன. மகள் அவற்றை வழித்து எடுத்தாள். அம்மாவுக்கு நாளுக்கு ஆறு தம்ளர் கிரீன் டீ. மூன்று மாதமாக வீடெல்லாம் நனைந்த வைக்கோல் வாடை. அம்மா கட்டிக்கொண்டால் அம்மாவிடமும் அதே வாடை.

அம்மா தையல்காரி. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதித் தந்தார். அந்த வாரமே சித்தி டப்பாக்களோடு வந்து இறங்கினாள். கிரீன் டீ இலை விற்பதுதான் அவள் பிழைப்பு.

"இதுல இருக்கிற சத்து கட்டியையே கரைச்சிடும்க்கா. கத்தி எதுக்கு?"

மகள் போனில் தேடிப் படித்திருந்தாள். "சித்தி, அதெல்லாம் எலியில பார்த்தது. மனுஷங்களுக்கு புத்துநோய் வராம தடுக்குமான்னே இன்னும் உறுதியா தெரியல. இருக்கிற கட்டியைக் கரைக்கும்னு எங்கயும் போடல."

"வந்துட்டாங்க டாக்டரம்மா! முதல்ல பத்தாவதைத் தாண்டுடி."

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "எனக்குத் தெரியாதா குட்டி? மொதல்ல கோட்டு பட்டன் அளவு இருந்துச்சு. இப்போ சட்டை பட்டன்தான்."

பட்டன் அளவில் அம்மா தப்பு செய்ததே இல்லை. மகள் நம்பினாள். அப்படி நம்பியதில் நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

இன்று மதியம் அம்மாவின் மேல்சட்டையை உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டபோதுதான் கண்ணில் பட்டது. இடப்பக்கம் மட்டும் தையலைப் பிரித்துத் தளர்த்திய ஊசித் துளைகள், இரண்டு வரிசை. வலப்பக்கம் தொட்டதே இல்லை. அலமாரியிலிருந்து இன்னொன்றை இழுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. இரண்டு தடவை தளர்த்தி, நிறம் பார்த்து நூல் கோத்து, வெளியே தெரியாமல் அடித்திருந்தாள் அம்மா. வாய்க்குள் அந்த இலைக் கசப்பு ஏறியது. தூங்கிய இரவுகளை நினைக்க மகளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மா மெஷினில் இருந்தாள். பக்கத்தில் தம்ளர். தம்ளருக்கடியில் நாலாய் மடித்த ஸ்கேன் சீட்டு, அதன்மேல் வட்டம் வட்டமாகக் கறை.

மகள் சட்டையை உள்பக்கம் தெரிய ஊசியடியில் விரித்தாள்.

"சின்னதாகுதுன்னா எதுக்கும்மா தளர்த்துன?"

மெஷின் நின்றது. வாசலிலிருந்து சித்தி, "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிடுக்கா," என்றாள்.

அம்மாவின் பெருவிரல் அந்தத் துளைகளின்மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. தம்ளரில் டீ மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.