கோட்டை வாசலுக்கு ஒரு முட்டு

உலகத்தின் தலைசிறந்த நினைவுச்சின்னங்களை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் தங்கள் கோட்டை வாசலும் நுழைந்ததிலிருந்து ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பல் விளக்கும் முன் ஒரு ஓட்டு, பஸ் ஏறும்போது ஒரு ஓட்டு. வாசலைப் பராமரிக்கும் இன்ஜினியரம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. இடது தூண் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முன் இரும்பு முட்டு கொடுத்தாக வேண்டும். கம்பிகள் வந்து இறங்கி, ஓரமாகக் கிடந்து துருப்பிடித்தன.

ஓட்டுச் சேர்க்க ஊரார் அமைத்த கமிட்டி சம்மதிக்காமல் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். கமிட்டித் தலைவரோ அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

"அண்ணி, முட்டு வச்சா கால் ஒடிஞ்சவனுக்குக் கட்டை குடுத்த மாதிரி இருக்கும். படத்தப் பாத்துட்டு யாரு ஓட்டுப் போடுவா? ஞாயித்துக்கிழமை ஓட்டு முடியட்டும். ஜெயிச்சா, அதைப் பாதுகாக்க உலகமே வரும்."

"வர்ற வரைக்கும் அது நிக்கணுமே தம்பி!"

"நானூறு வருஷம் நின்னது நாலு நாள் நிக்காதா?"

அவள் வாயைத் திறந்தால் அபசகுனம் என்பான். வீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை. "ரெண்டு பேரும் நல்லதுக்குத்தானே சொல்றீங்க" என்று கணவர் தட்டைப் பார்த்துச் சொன்னார். மதில்மேல் பூனைகூட என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும், இவர் குதிக்க மாட்டார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் தூணில் அவள் ஒட்டியிருந்த கண்ணாடிகளைக் காணோம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால், விரிசல் துளி அகன்றாலும் அது உடைந்து காட்டிக்கொடுக்கும்.

காவல்காரர் தலையைச் சொறிந்தார். "படத்துல பளபளன்னு மின்னுதுன்னு உங்க கொழுந்தனார்தான் சுரண்டச் சொன்னாரும்மா. ரெண்டு மூணு ஏற்கெனவே உடைஞ்சுதான் இருந்துச்சு."

அவள் உடனே போன் போட்டாள். கொழுந்தன் போனை எடுக்கவில்லை. மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார். வாசலைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு ஈ காக்கை உள்ளே போகாதபடி விரட்டினாள். அதை மட்டும்தான் அவளால் செய்ய முடிந்தது. சாயங்காலம் மழை கொட்டியது. இடது தூண் விழுந்தது.

விடிந்ததும் கற்குவியல் முன்னால் நின்று வாய்விட்டே அழுதாள். ஓடிவந்த கொழுந்தன் பேயறைந்தவன் போல நின்றான். கையிலிருந்த போன் விடாமல் சிணுங்கியது. பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"அண்ணி, ஓட்டு கொட்டுது! உடைஞ்ச படத்தப் பாத்து ஊரு உலகமே பரிதாபப்படுது. மூணாவது எடத்துக்கு வந்துட்டோம்!"

"வலது தூண் இப்ப தனியா நிக்குது. உடனே முட்டு வைக்கணும்."

"வைக்கலாம் அண்ணி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அதுவரைக்கும் கல்லைக்கூட யாரும் நகத்த வேணாம்."

இவனிடம் பேசிப் பேசியே ஒரு தூணைப் பறிகொடுத்தோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது அவளுக்கு. கையெழுத்தும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். ஆட்களைக் கூப்பிட்டாள். "தூக்குங்கப்பா!" முதல் கம்பிக்குத் தானே தோள் கொடுத்தாள்.

கமிட்டியின் போட்டோக்காரர் கேமராவோடு வந்தார். "மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? கம்பியெல்லாம் மறைக்குது."

"கம்பியோடயே எடுங்க" என்றாள் அவள், திருகாணியை முடுக்கியபடி. "இப்ப அது நிக்கிறது இதாலதான்."