இன்று குளிக்க அனுமதி உண்டு

அன்று காலையில் ஜெயசித்ராவின் செல்போனுக்கு வந்த முதல் அழைப்பு சிவகாசியிலிருந்து. எடுத்ததுமே அந்த ஆள், "மேடம், ஐந்தருவில லேடீஸ் டிரெஸ் மாத்த எடம் இருக்கா?" என்று கேட்டார். பல் விளக்கிக்கொண்டிருந்தவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஐந்தருவில குளிக்கத் தடை போட்டிருக்காங்க சார். கெளம்பி வராதீங்க" என்றாள்.

"தடையா? உங்க வெப்சைட்ல அனுமதி உண்டுன்னு போட்டிருக்கே. இன்னைக்குத் தேதிகூட இருக்கே."

"அது தப்பு சார்."

"நீங்க யாரு பேசுறது?"

"அத எழுதுனதே நான்தான் சார்."

"எழுதுனதும் நீங்க, அது தப்புன்னு சொல்றதும் நீங்க. நான் எதம்மா நம்புறது?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். கேள்வி நியாயமானதுதான்.

இந்த வினைக்கு விதை போட்டது கல்லூரியின் கடைசிப் பருவத்தில். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வெப்சைட் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். புரோகிராம் எழுத சாம், நிறமும் படமும் பார்க்க பாஹிமா, உள்ளே வேண்டியதை எழுத ஜெயசித்ரா என்று பிரித்துக்கொண்டார்கள். தலைப்புக்கு அலையவேயில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு வேறு எதைப் பற்றி எழுதுவது? சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் இந்த வட்டாரத்துக்காரர்கள் எல்லோருக்கும் வெளியூர்ச் சொந்தங்கள் போன் போட்டு, "தண்ணி விழுதா?" என்று விசாரிப்பார்கள். வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்காதவன்கூட இதற்கு அழைப்பான். அந்தக் கேள்விக்கு ஒரு வெப்சைட் பதில் சொன்னால் என்ன என்று கேட்டது ஜெயசித்ராதான். அன்றைக்கு அவள் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

அருவிக்கு அருவி நிலவரம் தானாக மாறுகிற மாதிரி செய்வதுதான் திட்டம். அந்த நிலவரத்தை யாரிடமிருந்து வாங்குவது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதைச் செய்கிற வித்தை சாமுக்குக் கைவந்திருக்காது. தேர்வாளர் வருகிற நாள் நெருங்கியபோது, "இப்போதைக்குச் சும்மா ரெண்டு வரி எழுதிக் குடுட்டி, பெறவு மாத்திக்கிடலாம்" என்றான். எழுதிக் கொடுத்தாள்.

"இன்று எல்லா அருவிகளிலும் குளிக்க அனுமதி உண்டு. நீர்வரத்து சீராக உள்ளது. குழந்தைகளுடன் அச்சமின்றி வரலாம்."

பாஹிமா அதற்குப் பச்சை நிறம் கொடுத்து நெற்றியில் பொட்டு ஒட்டுவது மாதிரி முதல் பக்கத்தின் உச்சியில் ஒட்டினாள். சாம் அதன் தலையில் அன்றன்றைய தேதி தானாக மாறும்படி செய்தான். அந்த வெப்சைட்டிலேயே ஒழுங்காக வேலை பார்க்கிற சாமான் அந்தத் தேதி ஒன்றுதான். அடியில் 'உதவிக்கு அழைக்க' என்று ஓரிடம் காலியாகக் கிடந்தது. அதில் போட ஒரு நம்பர் வேண்டுமே என்று தன்னுடையதையே கொடுத்தாள் ஜெயசித்ரா. தேர்வாளர் படித்துப் பார்த்துவிட்டு, "தமிழ் ரொம்ப நல்லா இருக்கே, யாரு எழுதினது?" என்றார். பெருமை தாங்காமல் எழுந்து நின்றாள்.

மதிப்பெண் வந்தது, பிரிவுபசார விழா நடந்தது, கல்லூரி தந்திருந்த மின்னஞ்சல் முகவரிகளை நிர்வாகம் ஒட்டுமொத்தமாக மூடிவிட்டது. சாம் அந்த முகவரியை வைத்துத்தான் வெப்சைட்டை இலவச இடமொன்றில் ஏற்றியிருந்தான். இப்போது உள்ளே போக அந்த முகவரி வேண்டும், முகவரி இல்லை. வெப்சைட்டோ கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. ஜூன் பிறந்து சாரலும் விழுந்தது. 'குற்றாலம் இன்று' என்று தமிழில் தேடுகிற ஜனங்களுக்கெல்லாம் முதலில் வந்து நின்றது அந்தப் பச்சை வரி. பேரருவியில் பாதுகாப்பு வளைவு தெரியாத அளவுக்குத் தண்ணீர் கொட்டுகிற நாளிலும், போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டுகிற நாளிலும், குழந்தைகளுடன் அச்சமின்றி வரலாம் என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. போன் செய்து கேட்கிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. தடை என்று சொன்னால் முனகிக்கொண்டாவது வீட்டில் இருந்துவிடுவார்கள். கேட்காமலே வேனில் ஏறி வருகிறவர்களை என்ன செய்வது? வந்த பிறகு போலீஸ் விரட்டினால் சும்மா திரும்பிப் போகிற ஆட்களா அவர்கள்? எண்ணெய் தேய்த்த உடம்போடு கீழே சிற்றாற்றில் இறங்குகிறார்கள், வாய்க்காலில் இறங்குகிறார்கள். மலைமேல் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் சொல்லிக்கொண்டா வரும்? தான் எழுதிய ஒரு வரியை நம்பி வந்த ஏதோ ஒரு பிள்ளை தண்ணீரோடு போய்விடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தப் பயம் கூடவே உட்கார்ந்தது.

சாமுக்குப் போன் போட்டாள். அவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "நான் என்னட்டி செய்ய? எனக்கும் உள்ள போக முடியல. அந்தக் கம்பெனிக்கு எழுதிப் பாரு" என்றான். எழுதினாள். நீங்கள்தான் உரிமையாளர் என்பதை உறுதிசெய்ய, உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கும் எண்ணைக் குறிப்பிடவும் என்று இயந்திரம் ஒன்று மரியாதையாகப் பதில் சொன்னது. அந்த மின்னஞ்சல்தான் செத்துப்போயிற்று என்று திரும்ப எழுதினாள். அதே பதில், அதே மரியாதை. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த பாஹிமாவோ, "அந்தப் பச்சைய மட்டும் நான் செவப்பா போட்டிருந்தா ஒருத்தனும் வந்திருக்க மாட்டாம்லா" என்று போனிலேயே அழுதாள். அவளைத் தேற்றுவதே பெரும்பாடாகிவிட்டது.

சரியான நிலவரத்தோடு புதிதாக ஒரு வெப்சைட் செய்தாள் ஜெயசித்ரா. தினமும் காலையில் அதை மாற்றி எழுதினாள். அதை அவளையும் அவள் அம்மாவையும் தவிர ஈ, காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. பழையது ஒழிந்ததா என்று மூவரும், அவர்கள் சொல்லிக் கூடப் படித்தவர்களும், பொழுதுக்கும் அதைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்க அது இன்னும் கெட்டியாக முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் கல்லூரிக்கே போனாள். ப்ராஜெக்டுக்கு வழிகாட்டியாக இருந்த வல்லிநாயகம் சார் அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "வாம்மா, உங்க வெப்சைட்தான் இப்ப நம்ம டிபார்ட்மெண்டுக்கே பேரு" என்றார்.

"அத எடுக்கணும் சார். அந்த மெயில் ஐடிய மட்டும் ஒரு நாள் தொறந்து குடுத்தாப் போதும்."

"எடுக்கவா? நல்லா கேட்ட போ. அடுத்த மாசம் தரம் பாக்க கமிட்டி வருது. மாணவர் சாதனைன்னு அத மொதப் பக்கத்துல போட்டு ரிப்போர்ட் அனுப்பியாச்சு. எத்தன ஆயிரம் பேரு பாக்காங்க தெரியுமா?"

"அவ்வளவு பேரு பாக்கதுதான் சார் பயமா இருக்கு. தடை இருக்கற அன்னைக்கும் அனுமதின்னு காட்டுது. யாராவது தண்ணியில போயிட்டா?"

சாரின் முகம் சற்று வாடியது. அவர் கெட்டவரல்ல. "மூடுன ஐடிய தொறக்க எனக்கும் அதிகாரம் கெடையாதும்மா. மேல எழுதிக் கேக்கணும். கமிட்டி வந்துட்டுப் போகட்டும், பாப்போம்" என்றார். அதுவரை மலைமேல் மழை பெய்யாமல் இருக்கச் சொல்லி யாரிடம் எழுதிக் கேட்பது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் போன ஆஃப் பண்ணித் தூரப் போடு. ஊரு ஒலகத்துக்கெல்லாம் நீயா காவல்?" என்றாள் அம்மா வடிவம்மாள். அணைத்துவிட்டால், போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிற கொஞ்சப் பேருக்கும் பதில் சொல்ல ஆள் இருக்காதே. அதனால் அவள் அணைக்கவில்லை. குளிக்கப் போகும்போதும் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போனாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே எல்லா அருவிகளிலும் தடை. மதியச் சோற்றுக்கு உட்காரும்போது போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்ணின் அழுகை.

"இதுல உதவிக்குன்னு இந்த நம்பருதான் போட்டிருக்கு. எம் புள்ளயக் காணல. எம் புள்ளயக் காணலம்மா!"

ஜெயசித்ரா சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எங்கக்கா? எங்கன நிக்கிய?"

திருவேங்கடத்திலிருந்து வேனில் வந்தவர்கள். பெயர் காளீஸ்வரி. பேரருவியில் போலீஸ் விடவில்லை. வந்ததுக்கு ஆற்றிலாவது குளிப்போம் என்று கீழே பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். தலை துவட்டி நிமிர்ந்து பார்த்தால் மகனைக் காணவில்லை. சுபாஷ், எட்டு வயது, மஞ்சள் பனியன்.

"தண்ணிக்குள்ள எறங்கினானா?"

"தெரியலயே! நீங்க கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்துதான பேசுதீங்க? யாரையாவது அனுப்புங்கம்மா."

எத்தனையோ பேரிடம் நான் ஆபீஸ் இல்லை, ஆபீஸ் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னவள், "ஆமாக்கா. இந்தா வாரேன். தண்ணிப் பக்கத்துல நிக்காம மேல ஏறி நில்லுங்க" என்றாள். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வது?

அம்மாவின் போனை வாங்கிப் போலீசுக்குச் சொன்னாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மழையில் போனாள். வழியெல்லாம், கடவுளே, அவன் தண்ணீரில் இறங்கியிருக்கக் கூடாது, இறங்கியிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. அந்தத் தண்ணீரிலும் கரையோரம் ஆட்கள் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாலத்தடியில் காளீஸ்வரி ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு அழ, கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசித்ரா கரையோடு ஓடினாள். ஒதுங்கிக் கிடந்த ஒரு மஞ்சள் துணியைத் தாவிப்போய் எடுத்தாள். யாரோ விட்டுப்போன துண்டு.

போலீஸ்காரர்கள் மைக்கில் அடையாளம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே கடைவீதியிலிருந்து ஒரு குரல் வந்தது. பழக்கடை ஹைருன் பீவி, மஞ்சள் பனியன் போட்ட ஒரு பயலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். குரங்குக்குப் பின்னாலேயே போய் வழி தெரியாமல் அழுதுகொண்டு நின்றவனை, கடையில் உட்கார்த்தி ரம்புட்டான் உரித்துக் கொடுத்திருக்கிறாள். காளீஸ்வரி முதலில் அவன் முதுகில் நாலு வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயசித்ராவும் பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள்.

அழுது முடித்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. இன்றைக்கு இவன் குரங்குக்குப் பின்னால் போனான், நாளைக்கு இன்னொருவன்? காளீஸ்வரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, நான் கவர்மெண்டு இல்ல. அந்த வெப்சைட்டே பொய்க்கா. படிக்கையில மார்க்குக்காக நாங்க மூணு பேரு செஞ்சது. அதுல அனுமதி உண்டுன்னு இருக்கறத நம்பாதீங்க. அத யாருக்கும் அனுப்பிராதீங்க."

காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"சின்னப் புள்ளைங்க செஞ்சதா? அதான பாத்தேன். கவர்மெண்டு நம்பரா இருந்தா இப்படி ஒடனே எடுத்திருப்பானா? மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடித்தான் வந்திருப்பானா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எந்த மகராசி பெத்த புள்ளையோ, நல்லா இருப்ப."

"அதில்லக்கா, நான் சொல்லுதது என்னன்னா…"

"ஒன்னும் சொல்லாத. எங்க மகளிர் குழுவுக்கெல்லாம் இப்பவே அனுப்பிட்டேன் பாரு" என்று போனை நீட்டினாள். வெப்சைட்டின் முகவரியும், அதன் கீழே ஓர் அறிவிப்பும் இருந்தன. 'குற்றாலம் போறவங்க இதப் பாத்துட்டுப் போங்க. ஆபத்துன்னு கூப்பிட்டா நேர்ல வந்து நிக்காங்க. புள்ளகளக் கூட்டிக்கிட்டுப் பயமில்லாமப் போகலாம்.'

"அக்கா, அத அழிச்சிருங்க. ஒங்க கால்ல விழுதேன்."

"இந்தா, ஏன் இப்படி அடக்கமா இருக்க? நல்லது செஞ்சா நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள் காளீஸ்வரி. டிரைவர் ஹாரன் அடித்தார். மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

ஜெயசித்ரா வீட்டுக்கு வந்து தலை துவட்டி முடிப்பதற்குள் போன் அடித்தது. புது நம்பர், பெண் குரல். "திருவேங்கடத்துல இருந்து பேசுதோம். காளீஸ்வரி சொல்லுச்சு. நாளைக்கு எங்க தெருவுல இருந்து ரெண்டு வேன் வருது, எல்லாம் சின்னஞ்சிறுசுக."

"நாளைக்கும் தடைதான் இருக்கும்க்கா. மலையில நல்ல மழ. தயவுசெஞ்சு வராதீங்க."

"அருவியில விடலைன்னா பரவாயில்லம்மா, நாங்க ஆத்துல குளிச்சிக்கிடுதோம்" என்றது அந்தக் குரல், சந்தோஷமாக. "அதான் நீ இருக்கல்லா."