ஊட்டாத கை

டிரைவரின் மனைவியைப் போலப் புருஷனுக்கு ஊட்டுகிறவள் அந்தத் தெருவிலேயே கிடையாது. சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், தங்கமான மனுஷன் முறைப்பார், உளறுவார், வேர்த்துக் கொட்டும். ஒரு வாய் இனிப்பு உள்ளே போனால் பழையபடி தங்கம். அதனால் தலையணைக்கு அடியில், கைப்பையில், அவர் சட்டைப்பையில் என்று எங்கே கைவிட்டாலும் பிஸ்கட் அகப்படும்படி வைத்திருந்தாள். டிரைவரும் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போனார். "நல்லா வளர்த்திருக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்தால் இவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஒருநாள் அவர் எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கண்டக்டர் விசிலடித்தே ஓய்ந்துபோனார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் டிரைவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று டிப்போவில் பேச்சு கிளம்பிவிட்டது. நோய் இன்னதென்று தெரிந்து குணமானால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடுவார்கள். அந்த ஸ்டியரிங் இல்லாவிட்டால் அவர் அவராக இருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சந்தேகப்பட்டது கணையத்தை. பட்டினி போட்டுப் படுக்கவைத்து, விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குறைந்துகொண்டே வந்த சர்க்கரை திடீரென்று ஏறிவிட்டது. டாக்டரம்மா தலையணையைத் தூக்கித் தட்டினார். பிஸ்கட் தூள் உதிர்ந்தது.

"உளற ஆரம்பிச்சிட்டாரு. பார்த்துக்கிட்டு இருக்க முடியலைங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சர்க்கரை குறைஞ்சா கணையம் இன்சுலினை நிறுத்திக்கணும்மா. அங்க பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி இருந்தா, அது ஒண்ணையும் பார்க்காது. வேணுமா வேணாமான்னு கேட்காம இன்சுலினைக் கொட்டிக்கிட்டே இருக்கும்."

"நானும் அப்படித்தானே, கேட்காம ஊட்டிக்கிட்டே இருந்தேன்."

"நீங்க ஊட்டினதாலதான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சாரு. ஆனா அந்தக் கட்டியும் உங்க முந்தானைக்குள்ளயே ஒளிஞ்சிக்கிச்சு. சர்க்கரை நல்லா குறைஞ்ச நேரத்துல ரத்தம் எடுத்தாதான் அதைப் பிடிக்கலாம். பிடிச்சிட்டா ஆபரேஷன்ல எடுத்துடலாம். பெரும்பாலும் பரவாத ரகம்தான். எங்களை நம்பி ஒருதடவை விடுங்க."

இரண்டாம் தடவை பட்டினி போட்டபோது அவள் கைப்பையை நர்ஸிடம் ஒப்படைத்தாள். "நானே கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்றாள். பிறகு கட்டிலருகே ஸ்டூலில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். எதிர்பார்த்தது வரத்தான் செய்தது. அவர் நெற்றி வேர்த்தது, விரல்கள் போர்வையைப் பிடித்துத் திருப்பின. அவளை யாரோ போலப் பார்த்தார்.

"அம்மா, இதுதான் கடைசி ஸ்டாப். இறங்குங்க."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர், அவளை யாரோ ஒரு பயணியாகப் பார்க்கிறார். அவள் கை தானாகப் பையைத் தேடி மடியைத் தடவியது.

"நான் இறங்கலைங்க. உங்க கூடத்தான் வர்றேன்."

நர்ஸ் ரத்தத்தை எடுத்தாள். சர்க்கரை அவ்வளவு குறைந்த அந்த நேரத்திலும் இன்சுலின் நிற்கவில்லை, கட்டி மாட்டிக்கொண்டது என்று டாக்டரம்மா பிற்பாடு வந்து சொன்னார். ஆனால் அப்போது அவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்? குளுக்கோஸ் ஊசி ஏற ஏற, அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்கள் தெளிந்தன. "என்ன மேடம்," என்றார் டிரைவர், வீட்டில் கூப்பிடுகிற அதே கேலிக்குரலில், "முகம் இப்படி வாடிக்கிடக்கு? சாப்பிடலையா?"

அவர் பட்டினி கிடக்கத் தொடங்கியதிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

நர்ஸ் பையைத் திருப்பிக் கொடுத்தாள். பழக்கதோஷம், பிஸ்கட்டைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் அதை வாங்கி, தன் கையால் அவள் வாயில் வைத்தார். அவள் அழுதுகொண்டே மென்றாள்.