ஹிகாசா எழுதிய வரிகள்

முனேஹிரோ ஹிகாசாவின் இறுதிச் சடங்குக்கு வந்த பிரிவுத் தலைவர் மிதோபே, சாம்பிராணித் தூளைக் கிள்ளிப் போட்டுக் கும்பிட்டுவிட்டு மனைவி ஷிஹோவின் முன்னால் வந்து ஆழமாகக் குனிந்தார். குனிந்தபடியே, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் ஒன்று சொன்னார்.

"அந்தப் பொழுதுபோக்கு மட்டும் இல்லாம இருந்திருந்தா, ஹிகாசா இன்னிக்கு நம்மகூட இருந்திருப்பாரு."

ஷிஹோவும் குனிந்து நன்றி சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் எது காதில் ஏறும்? எரிமேடைக்குப் போகும் வண்டியில்தான் அந்த வார்த்தை மெல்ல உறைத்தது. அந்த ஆளுக்குப் போய் நன்றி சொன்னோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

முனேஹிரோவுக்கு நாற்பத்தோரு வயது. ஜப்பானின் கவாசாகி நகரத்தில், பார்சல் நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு கம்பெனியில் பொறியாளர். மிதோபே அங்கே அவனுடைய மேலதிகாரி. ஒரு காலையில் கணினி மேஜையிலேயே கவிழ்ந்து கிடந்தவனை ஷிஹோதான் கண்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

மிதோபே பொழுதுபோக்கு என்று சொன்னது 'மாச்சிகதோ' என்ற நிரலை. இங்கே ஒரே வீட்டின் விலாசத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஊர்கள் ஒன்றோடொன்று இணைந்து பெயர் மாறிக்கொண்டே இருக்கும். எப்படி எழுதினாலும் அது எந்த வீடு என்று கண்டுபிடித்து ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் நிரல் அது. முனேஹிரோ அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டிருந்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கிற பொருளுக்குள் வைக்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. மருத்துவமனைகள், வார்டு அலுவலகங்கள், அவன் கம்பெனி, அதன் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. பராமரித்தது இரண்டே பேர். மட்சுமோதோவில் இருக்கும் நவதா என்பவன் வெளியீடுகளையும் கேள்வி பதில்களையும் பார்த்துக்கொண்டான். நிரலோடு மாரடித்தது முனேஹிரோ.

அளவுக்கு மீறி வேலை வாங்கியதால் வந்த சாவு என்று தொழிலாளர் அலுவலகம் தீர்மானிக்க வேண்டும் என்று ஷிஹோ மனுப் போட்டாள். இழப்பீடு ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: விளையாட்டுப் புத்தியால் செத்தவன் என்ற பேச்சை அவன் தலையிலிருந்து இறக்க வேண்டும். கம்பெனியின் வாசல் அட்டைக் கணக்குப்படி அவன் தினமும் ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்து விடியும்வரை அவன் எழுதிய ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு மாச்சிகதோவின் இணையப் பக்கத்தில் பதிவாகியிருந்தது. வேலை நடந்த நாளுக்கெல்லாம் அங்கே ஒரு பச்சைக் கட்டம் விழும். நாலு வருஷமும் பச்சை. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றார் வக்கீல் தோகாஷி. குட்டையான, சிரிக்காத பெண்மணி. இந்த மாதிரிச் சாவுகளுக்கு மட்டுமே வாதாடுபவர். ஷிஹோ அவரை மரியாதையாக 'சென்செய்' என்று கூப்பிடுவாள்.

கம்பெனியின் பதில் வந்தபோது அந்தச் சாட்சியே கட்சி மாறிவிட்டது. இரவில் செய்ததெல்லாம் சொந்த விருப்பம், எங்கள் உத்தரவு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆதாரமாக இணைத்திருந்தது, முனேஹிரோ இறந்த வாரம் நவதா இணையத்தில் எழுதிய அஞ்சலி.

'யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி தரவில்லை. நம் மீது கொண்ட அன்பினால் மட்டுமே அவர் இரவிரவாக உழைத்தார். நான்கு ஆண்டுகளில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இல்லை' என்று அதில் இருந்தது. கீழே ஆயிரக்கணக்கான பேர் இதயம் போட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் விடாத பச்சை என்பது பதக்கம். இந்த மனுஷன் எப்போதுதான் தூங்கினான் என்று ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

ஷிஹோவுக்கு உண்மை தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மிதோபேவின் அழைப்பு வரும். மாச்சிகதோவில் இன்ன ஊரின் விலாசம் தப்பாக வருகிறது, நம் வாடிக்கையாளர் கத்துகிறார், காலைக்குள் சரி செய், ஆனால் வீட்டிலிருந்து உன் பெயரில் போடு, கம்பெனி பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பார். அப்படிச் செய்தால் கூடுதல் நேரக் கணக்கும் ஏறாது. முனேஹிரோ சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவான். இதையெல்லாம் சொன்னபோது தோகாஷி கையை விரித்தார். மனைவியின் வாய்ச்சொல் செல்லாது, எழுத்தில் ஏதாவது வேண்டும். கம்பெனி மடிக்கணினியைச் சடங்கு முடிந்த மறுநாளே பழக்கூடையோடு வந்து மரியாதையாக வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே இடம். முனேஹிரோ தன் புலம்பலையெல்லாம் நவதாவிடம்தான் எழுதுவான்.

ஷிஹோ ரயில் ஏறி மட்சுமோதோவுக்குப் போனாள். நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் நவதா காத்திருந்தான். இழவு வீட்டில் எல்லோரையும்விட அதிகம் அழுதவன் அவன்தான். இப்போதும் அவளைப் பார்த்ததுமே கண் கலங்கினான். நல்லவன்தான், அதில் சந்தேகமில்லை. நல்லவர்களிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம்.

செய்திகள் தன்னிடம் இருப்பதை அவன் மறைக்கவில்லை. மிதோபேவின் உத்தரவுகளை முனேஹிரோ அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கிறான் என்றும் ஒப்புக்கொண்டான். ஆனால் கொடுக்க முடியாது என்றான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே சட்டம் பேசினான். மேலதிகாரி சொல்லி, வேலையின் பகுதியாக எழுதிய நிரல் இந்நாட்டுச் சட்டப்படி கம்பெனியின் சொத்து. அந்த இரவுகள் வேலை என்று தீர்ப்பானால் அந்த வரிகள் முனேஹிரோவின் கம்பெனிக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமில்லாததை முனேஹிரோ ஊருக்குக் கொடுத்தான் என்று ஆகிவிடும். நாளைக்கே கம்பெனி ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பில் அனுப்பும்.

"ஹிகாசா சான் உலகத்துக்குக் கொடுத்துட்டுப் போனது அது. அதை அந்த மிதோபே கையிலயா கொடுக்கச் சொல்றீங்க?"

"அவரு கொடுக்கல, நவதா சான். அவர்கிட்டேருந்து எடுத்தாங்க."

நவதா பேச்சை மாற்றினான். முனேஹிரோ பெயரில் ஒரு நிதி திரட்டியிருக்கிறோம், பெரிய தொகை சேர்ந்திருக்கிறது, இழப்பீட்டுக்குக் கிட்டத்தட்ட வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். ஷிஹோவுக்குக் கோபம் வரவில்லை, சலிப்புத்தான் வந்தது. பையிலிருந்து கம்பெனியின் பதில் மனுவை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். அவன் எழுதிய அஞ்சலி, கம்பெனி முத்திரையோடு, 'ஆதாரம் ஒன்று' என்று தலைப்பிட்டு இருந்தது.

அவனுக்கு அது தெரியாது. இரண்டு தரம் படித்தான். எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

திரும்பும் ரயிலில் ஷிஹோவுக்கும் நெஞ்சு இரண்டுபட்டது. அவன் சொன்னதில் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவை காய்ச்சலோடு எழுதிக்கொண்டிருந்தவனை அவள் திட்டியபோது முனேஹிரோ சிரித்தான். "ஆபீஸ்ல நான் செய்யறதுல எங்கயும் என் பேர் கிடையாது. இதுல மட்டும்தான் இருக்கு, விடேன்" என்றான். அவள் ஜெயித்தால் வரிகள் கம்பெனிக்குப் போய் அந்தப் பெயரும் போகும். தோற்றால் பெயர் இருக்கும், பொழுதுபோக்கில் செத்தவன் என்ற பட்டத்தோடு. இரண்டையும் வைத்துக்கொள்ள வழியே இல்லாதபடி யாரோ உட்கார்ந்து யோசித்துச் சட்டம் எழுதியதாக அவளுக்குத் தோன்றியது.

இதற்குள் விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? இணையத்தில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். உரிமச் சட்டத்தின் உட்பிரிவுகளைப் பிரித்து மேய்ந்தார்கள். பெர்லினில் இருந்து ஒருவர், சான் பிரான்சிஸ்கோவில் இருந்து ஒருவர் என்று முழம் முழமாக வாதாடினார்கள். எந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று செத்தவனுக்கு ஒருவர் பாடம் நடத்தினார். பணத்துக்காகப் புருஷனின் கொடையை விற்கிறாள் என்றார் இன்னொருவர். உயிரோடு இருந்தால் அவளை நினைத்து ஹிகாசா வெட்கப்படுவார் என்று எழுதியவருக்கு நிறைய இதயங்கள் விழுந்தன. சுதந்திரம், பகிர்தல் என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்லுகிறவர்கள், ஒரு பெண் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதில் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஷிஹோ எல்லாவற்றையும் வாசித்தாள். வாசிக்காதீர்கள் என்று தோகாஷி சொல்லியும் வாசித்தாள்.

பிறகு தோகாஷியைப் போய்ப் பார்த்தாள். மனுவைத் திரும்பப் பெறலாமா என்று கேட்கத்தான் போனாள். தோகாஷி தன் கணினியை அவள் பக்கம் திருப்பினார். அன்று காலை நவதாவிடமிருந்து வந்திருந்தது. நாலு வருஷச் செய்திகள், முழுதாக. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

"இப்பவும் நிறுத்தலாம்மா. உங்க இஷ்டம்தான்."

"இதைக் கொடுத்தா அவர் பேர் போயிடுமா, சென்செய்?"

"போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

ஷிஹோ செய்திகளைப் படித்துப் பார்த்தாள். மிதோபே காலைக்குள் முடிக்கச் சொல்கிறார். இன்றைக்கும் கேட்கிறார். தலை வலிக்கிறது, ஆனாலும் கேட்கிறார். பக்கம் பக்கமாக அதுவே இருந்தது. இவ்வளவையும் ஒருத்தன் பொழுதுபோக்காகச் செய்தான் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதைவிட, பெயர் போனால் போகட்டும் என்று அவள் முடிவு செய்தாள். கொடுத்துவிடுங்கள் என்றாள்.

கோடை முடியும்போது தீர்ப்பு வந்தது. வேலை மிகுதியால் நேர்ந்த மரணம். ஷிஹோ அந்தக் காகிதத்தை முனேஹிரோவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வெகு நேரம் அழுதாள்.

கம்பெனிக்காரர்கள் அழவில்லை. பொழுதுபோக்கு என்று சத்தியம் செய்த அதே வாய், அரசே வேலை என்று சொல்லிவிட்டதால் மாச்சிகதோவில் ஹிகாசா எழுதியதெல்லாம் எங்களுடையது என்று அறிவித்தது. பயன்படுத்துகிற எல்லோருக்கும் கடிதம் பறந்தது. வெட்கம், மானம் என்பதெல்லாம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் போலிருக்கிறது.

சில வாரம் கழித்து நவதா கவாசாகிக்கு வந்தான். ஊர் ஆப்பிள்கள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். படத்தின் முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, விரிப்பில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஷிஹோ எதிர்பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. இனி ஒரு ஆபத்தும் இல்லை என்று சொல்லவே நேரில் வந்தேன் என்றான். ஹிகாசா சான் எழுதிய வரிகளை ஒன்று விடாமல் நீக்கிவிட்டோம். அவற்றைப் பார்த்தே இராத ஆட்களைக் கொண்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதியாகிவிட்டது. கம்பெனி கையில் இருப்பது இனி யாருக்கும் தேவையில்லாத பழைய வரிகள்தான். மருத்துவமனைகளில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் ஹிகாசா சான் பெயரை முதலில் போட்டிருக்கிறோம் என்றான்.

ஷிஹோ தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பெயர் போகும் என்று தெரிந்துதானே கொடுத்தாள். அது வலித்தாலும் தாங்கக் கூடியதாகத்தான் இருந்தது. பேச்சுக்காகத்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க. எத்தனை பேரு செஞ்சீங்க?"

"முப்பது பேருக்கு மேல வந்துட்டாங்க. கூப்பிட்ட அன்னிக்கே."

"எவ்வளவு நாளாச்சு?"

"பத்து, பன்னெண்டு நாள். ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம்தானே. சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்."

"ராத்திரி கண் முழிச்சாங்களா யாராவது?"

"இல்லையே, அதுக்கெல்லாம் அவசியமே..."

நவதா பாதியில் நின்றான். ஷிஹோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாச்சிகதோவின் முதல் பக்கத்தில், பெயருக்குக் கீழேயே, முனேஹிரோ ஒரு வரி எழுதி வைத்திருந்தான். கூட வேலை செய்ய ஆள் வேண்டும், புதியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லித் தருகிறேன். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"நாலு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தாரே, நவதா சான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நவதா இரண்டு கைகளையும் விரிப்பில் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி குனிந்தான். இந்த மாதிரி குனிந்தவரைத் தலையை நிமிர்த்துங்கள் என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அதுவரை அவர் நிமிர மாட்டார். ஷிஹோ சொல்லவில்லை.