மாப்பிள்ளையின் குட்டி

ஸ்கேன் கருவியின் சின்னத் திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். குதிரை டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டாள்.

"சுட்டிக்குச் சினை புடிச்சிருக்கா?" என்றான் அண்ணன். பண்ணைக்கு முதலாளி அவன்தான்.

"ஜம்முனு புடிச்சிருக்கு."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். குட்டியின் அப்பன் மாப்பிள்ளை, அதுதான் காரணம்.

மாப்பிள்ளை என்பது ஒரு கோப்பையும் வாங்காத ஆண் குதிரைக்கு லாயத்து ஆட்கள் வைத்த பெயர். பெட்டை இணைசேரத் தயாரா என்று பார்க்க, தினமும் காலையில் அவனைக் கூட்டிவந்து பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்துவார்கள். முகர்வான், கனைப்பான், குழைவான். பெட்டை மசிந்தது தெரிந்ததும் அவனை இழுத்துப்போய்க் கட்டிவிட்டு, பந்தயங்களில் கோப்பை குவித்த சூறாவளியைக் கொண்டுவருவார்கள். காலமெல்லாம் பெண் பார்க்க மட்டுமே போன மாப்பிள்ளை! இந்த முறை வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப அண்ணனுக்கு ஒரு வீடியோ வேண்டியிருந்தது. மறைக்கிறதே என்று தடுப்பை ஓரமாக நகர்த்தச் சொன்னான். அதற்குமேல் மாப்பிள்ளை யாரையும் கேட்கவில்லை.

"சரி, கலைச்சிடு. ஒரு ஊசிதானே? சூறாவளிக்கு வயசாச்சு, இந்த சீசன்தான் கடைசி. சுட்டியை அதோட சேர்த்தே ஆகணும்."

சுட்டி என்ற அந்தப் பெட்டை சூறாவளியின் சொந்த மகள்.

"பொறக்கற குட்டி அதை அப்பான்னு கூப்பிடுமா, தாத்தான்னு கூப்பிடுமா? உனக்கு வெக்கமாவே இல்லையாண்ணா?"

"குதிரைக்கு ஏதும்மா முறை? ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம்னா வேகம் ரெட்டிப்பு."

வேகம் மட்டுமா? சூறாவளியின் ரத்தத்தில் எலும்பின் பலவீனமும் ஒட்டிக்கொண்டு வந்தது. தாய், தந்தை யாராவது ஒருவரிடமிருந்து வந்தால் கால் தாங்கும். இருவரிடமிருந்தும் வந்தால் தாங்காது. மரபணுச் சோதனை செய்து அவள் இதைச் சொன்னபோது அண்ணன் கொட்டாவி விட்டான். சுட்டி சூறாவளிக்குப் பெற்ற இரண்டு குட்டிகளும் பயிற்சியிலேயே முன்னங்கால் முறிந்து விழுந்தன. முறிந்த காலோடு எழுந்து நிற்கப் பார்த்த குட்டிகளுக்குக் கடைசி ஊசி போட்டது அவள் கைதான். அண்ணன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

"நான் போட மாட்டேன்."

"வேற டாக்டர் போடுவார்."

"கூப்பிடு. நானும் கூப்பிடறேன். சூறாவளி ரத்தத்துப் பெட்டையை அதுகிட்டயே அனுப்பற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிடறேன்."

"குடும்பத்தையே தெருவுல நிறுத்தப் போறியா?"

"நிக்கட்டும்!"

பண்ணையின் மிகப் பெரிய வாடிக்கையாளரைத்தான் முதலில் அழைத்தாள். அண்ணன் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். எலும்பு, ரத்தம், செத்த குட்டிகள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"தெரியுமே டாக்டர்," என்றார் அவர் நிதானமாக. "எல்லாருக்கும் தெரியும். பத்துல ஒண்ணு தேறினாப் போதும், அது கோப்பையோட வரும். நம்ம பெட்டைக்குக் குடுத்த தேதியை மட்டும் மறந்துட வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. அவளுடைய பையிலிருந்து கலைப்பு மருந்துக் குப்பியை எடுத்து, பரிவோடு நீட்டினான்.

"பாத்தியா? உனக்கு மட்டும்தான் இது பெரிய விஷயம். போடும்மா."

அவன் ஒருவன்தான் பாவி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே! குப்பியைப் பிடுங்கி சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தாள். சுட்டி மிரண்டு பின்வாங்கியது.

"இந்தக் குட்டியை எவனும் பந்தயத்துக்கு வாங்க மாட்டான். கால் உடையாம கிழடாகற வரைக்கும் புல்லு தின்னும். அது பொறக்கட்டும்!"

சுட்டியின் கொட்டடிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி நாலடி தள்ளிப் போனான்.

"டாக்டர், உடனே வர முடியுமா? ஒரு கலைப்பு... தங்கச்சியா? அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"எனக்கு ஒரு கேடும் இல்ல!" போனுக்குள் கேட்கும்படி அவள் கத்தினாள். "வாங்க டாக்டர்! வந்து முதல்ல என்னை இழுத்துப் போட்டுட்டு அப்புறம் உள்ள போங்க!"