ஓடைக்கரை விசில்காரன்

சுதர்ஷினிக்குக் குருவிப் பைத்தியம் பிடித்த கதை மஸ்கெலியா பஜார் வரைக்கும் பிரசித்தம். முதுகில் கொழுந்துக் கூடை, கழுத்தில் பைனாகுலர் என்று மலை ஏறுகிறவள் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவள் ஒருத்திதான். எத்தனையோ குருவிகளைப் பார்த்து, ஃபோனில் படத்தோடு ஒப்பிட்டு, பெயர் கண்டுபிடித்துவிட்டாள். ஒருவன் மட்டும் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தான். ஓடைக்கரைக் காட்டுக்குள் ஒளிந்து விசிலடிப்பவன். சிங்களத்தில் அரங்கயா. கறுத்த உடம்பு, தோளில் மினுங்கும் நீலத் திட்டு. குரல் அவளுக்கு மனப்பாடம்; ஆளைத்தான் கண்டபாடில்லை.

எல்லாம் பொலியால் வந்த வினை. முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது, கூடை நிறைய வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் "பொலி, பொலி!" என்று குரல் கொடுப்பார்கள். சண்முகவடிவு அக்கா வாயைத் திறந்தால் எதிர்மலை மாடு திரும்பிப் பார்க்கும். எந்தக் குருவிதான் நிற்கும்?

நாளை முதல் ஓடைக்கரை மலையில் கவ்வாத்து. செடிகளை வெட்டிவிட்டால் மாதக்கணக்கில் அங்கே கொழுந்து வேலை கிடையாது. இன்று விட்டால் விட்டதுதான். அவளுக்குக் காலைத் தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

பனிமூட்டத்துக்குள் அவர்கள் மலையில் இறங்கியதும் காட்டுக்குள்ளிருந்து விசில் வந்தது. சுதர்ஷினி ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் பொலி வேணாங்க்கா."

"பொலி சொல்லாம எடுத்தா கூடை நெறையுமாடி? ஒன் குருவியா வந்து கிள்ளித் தரும்?"

கங்காணி முத்துலிங்கம் பஞ்சாயத்துக்கு வந்தார். "சொல்லுங்க, ஆனா மெதுவா சொல்லுங்க. சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

பிறந்ததிலிருந்து மலைக்கு மலை கத்திப் பேசியே பழகிய பெண்கள் கிசுகிசுத்தார்கள். குக்கரில் ஆவி போவதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், நிரை முழுக்கத் தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியது. கங்காணிக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் அவன் வந்தான். ஓடைப் பாறை மேல் ராசா மாதிரி உட்கார்ந்தான்.

சுதர்ஷினி பைனாகுலரைத் தூக்கினாள். அவள் விட்ட மூச்சிலேயே கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தாள்; மறுபடி மங்கியது. சுற்றிலும் எல்லாரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோள்ல நீலம்டி! அய்யோ, வாலை விரிக்கிதுடி!"

"எங்கக்கா? எங்க?" அவளுக்கு அழுகையே வந்தது.

சண்முகவடிவு அந்தப் பைனாகுலரைப் பிடுங்கினாள். "கடவுள் குடுத்த கண்ணு ரெண்டு இருக்கேடி, அதால பாரு!"

பார்த்தாள். பாறை, ஈரம், கறுப்பு, தோளில் அந்த நீலம். அவள் பார்க்கப் பார்க்க அவன் வாயைத் திறந்து விசிலடித்தான். சுதர்ஷினிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சண்முகவடிவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பொலியோ பொலி!"

மலையே அதிர்ந்தது. பாறை காலி.

எல்லாரும் அக்காவை முறைத்தார்கள். சுதர்ஷினி மட்டும் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "பாத்துட்டேங்க்கா! பாத்துட்டேன்!"

"விடுடி, கூறுகெட்டவளே." சண்முகவடிவு அவளைத் தள்ளிவிட்டு, பைனாகுலரைத் தலைகீழாகக் கண்ணில் வைத்துக்கொண்டு காட்டைத் துழாவினாள். "அவனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பாள்ல? அவளப் பாக்காம நான் ஒரு கொழுந்து கிள்ள மாட்டேன். எல்லாரும் வாயப் பொத்துங்கடி!"